பாரிஸ், இரண்டாம் நாள், ஏழாவது பீரியட்

ஜூன் மாதத்தில் பாரிஸில் சூரியன் மறைய இரவு பத்து மணி ஆகிவிடும் என்று அப்பாவிடம் சொன்னது என் தப்பு.

அதுவரை எங்கள் மூன்று நாள் பயணத்துக்கும் சேர்த்து அவரிடம் ஒரே ஒரு தாள்தான் இருந்தது. நான் சொன்னதும் கண்ணாடியைக் கழற்றினார்.

"காலையில எத்தன மணிக்கு உதிக்கும்?"

"ஆறுக்குள்ள."

அப்பா மனதுக்குள் கழித்துப் பார்த்தார். "பதினாறு மணி நேரம் வெளிச்சம் இருக்கு. வீணாக்கக் கூடாது."

என் அப்பா அடைக்கலசாமி முப்பத்திரண்டு வருஷம் பள்ளிக்கூடத்தில் சமூக அறிவியல் நடத்தியவர். கடைசிப் பத்து வருஷம் தலைமையாசிரியர். ஆவூரில் எல்லோருக்கும் அவர் சார். எந்தப் பதவியில் இருந்தாலும் பள்ளிக்கு டைம்டேபிள் போடும் வேலையை மட்டும் அவர் யாருக்கும் விட்டுக்கொடுத்ததில்லை. ஓய்வு பெற்ற பிறகு டைம்டேபிள் போட எங்கள் மாடு மட்டும்தான் இருந்தது. அது ஒத்துழைக்கவில்லை.

காலை ஆறு மணிக்குத் தொடங்கி இரவு ஒன்பதே முக்கால் வரை, ஒரு பீரியடுக்கு நாற்பத்தைந்து நிமிடம். ஒரு நாளைக்கு இருபத்தொரு பீரியட். மதியச் சாப்பாட்டுக்கு ஒரு பீரியட் ஒதுக்கியிருந்தார். புளிசாதம்தானே, அரை பீரியட் போதும் என்று அம்மா சொன்னாள். மீதி அரையில் ஒரு பாலம் சேர்ந்தது.

அண்ணன் அமல்ராஜ் பாரிஸுக்குப் பக்கத்தில் ஒரு சாமான் கிடங்கில் வேலை பார்க்கிறான். போய் நாலு வருஷமாகிறது. எங்கள் மூன்று பேருக்கும் டிக்கெட் அவனே எடுத்துவிட்டான். அவனுக்குக் கிடைத்த லீவு சனி, ஞாயிறு, திங்கள். எங்களுக்கும் அதற்கு மேல் முடியாது. ஜூன் கடைசியில் மாடு கன்று போடும்.

"இன்னும் ரெண்டு நாள் சேத்து இருந்துட்டு வரலாம்" என்று அண்ணன் போனில் சொன்னான்.

"பாரிசு அங்கனயே இருக்கும்டா. மாடு அப்படியில்ல" என்றாள் அம்மா.

விசா விண்ணப்பத்துடன் நாள்வாரித் திட்டம் ஒன்று இணைக்க வேண்டும். அடுத்த மாதம் முதல் புதன்கிழமை சென்னையில் நேரம் கொடுத்திருந்தார்கள். அரைப் பக்கம் போதும் என்று அண்ணன் சொல்லியிருந்தான். அப்பாவின் திட்டம் ஆறு பக்கம். அதை டைப் செய்யும் வேலை எனக்கு. வீட்டில் எனக்குத்தான் எக்செல் தெரியும்.

நான் புதுக்கோட்டையில் ஒரு கல்லூரியின் இயற்பியல் ஆய்வகத்தில் வேலை பார்க்கிறேன். முதலாமாண்டு பிள்ளைகளுக்கு ஊசல் சோதனைக்கு நூல் கட்டிக் கொடுப்பது நான். ஒரு மீட்டர் நூல், ஒரு பித்தளைக் குண்டு, இருபது அலைவுக்கு எத்தனை வினாடி. மூன்று வருஷமாக இதே நூல்.

பாரிஸில் ஒரு கட்டடத்துக்குள் அறுபத்தேழு மீட்டர் கம்பியில் இருபத்தெட்டு கிலோ குண்டு தொங்குகிறது. அது ஆட ஆட, ஆடும் திசை கொஞ்சம் கொஞ்சமாகத் திரும்பும். உண்மையில் திரும்புவது தரை. தரை என்றால் பூமி. அதன் முன்னால் ஒன்றரை மணி நேரம் நிற்க வேண்டும் என்பதைத் தவிர எனக்குப் பாரிஸில் எந்த வேலையும் இல்லை. இதை நான் யாரிடமும் சொல்லியிருக்கவில்லை. எனக்குச் சொல்ல வராது.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து பால்ராஜ் மாமா வீட்டுக்கு வந்தார். வேளாங்கண்ணிக்கும் பூண்டிக்கும் ஊர்ச்சனங்களை ஏற்றிப்போகும் வேன் அவருடையது. பயணம் என்றால் ஆவூரில் அவரைக் கேட்காமல் யாரும் கிளம்புவதில்லை. அப்பா திட்டத்தைக் கொடுத்தார். மாமா முழுவதும் படித்தார்.

"எல்லாம் சரி சார். வண்டிய எங்க நிறுத்துவீங்க?"

"வண்டி இல்ல பால்ராஜ். பூமிக்கு அடியில ரயில் ஓடுது."

"அப்ப பாத்திரத்த எங்க எறக்குவீங்க?"

அப்பா யோசித்தார். தாளின் ஓரத்தில் 'பாத்திரம்' என்று எழுதி, பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டுக்கொண்டார்.

"டீக்கு நிறுத்தல்லையே சார். ரெண்டு மணி நேரத்துக்கு ஒருக்கா நிறுத்தலன்னா சனம் பேச ஆரம்பிச்சுரும்."

"சனம் மொத்தம் நாலு பேருதான் தம்பி" என்றாள் அம்மா.

"நாலு பேருன்னா நாலு விதமாப் பேசும்க்கா." மாமா என் பக்கம் திரும்பினார். "பாப்பா, ஒனக்கு எங்கிட்டுப் போகணும்? நீ ஒண்ணுமே சொல்லலையே."

எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்குக் காது சூடானது.

"ஒரு பெரிய ஊசல் இருக்கு மாமா. கம்பியில குண்டு தொங்கும். ஆடும்."

"ஆடி?"

"பூமி சுத்துறதக் காட்டும்."

"பூமி சுத்துறது தெரிஞ்ச வெசயம்தானே. அதுக்கு எதுக்குப் பாரிசு? நம்ம கோயில் மணிக்கூண்டுல கட்டித் தொங்கவிட்டா இங்கனயே சுத்துமே."

கேள்வி சரியானது. பதிலும் எனக்குத் தெரியும். ஆனால் நான் அதை வாக்கியமாக்கி முடிப்பதற்குள் பேச்சு ஊறுகாய் பாட்டிலை விமானத்தில் ஏற்றுவார்களா என்பதற்குப் போய்விட்டது.

மறுநாள் காலை கல்லூரிக்குக் கிளம்பும் முன் டைப் செய்துகொண்டிருந்தேன். இரண்டாம் நாள், ஞாயிறு. பெரிய மாதா கோயிலில் பூசை முடிந்தபின் ஏழாவது, எட்டாவது பீரியட் காலியாக இருந்தது.

"அப்பா, இது ரெண்டும் காலியா இருக்கு. அப்படியே விட்டுரவா?"

"காலி பீரியடுன்னு ஒண்ணு கெடையாது. விட்டா பிள்ளைங்க சத்தம் போடும். ஏதாச்சும் ஒரு கோயிலப் போடு."

ஊசல் தொங்கும் கட்டடத்தை முதலில் கோயிலாகத்தான் கட்டினார்கள். புனித ஜெனவீவ் பெயரில். பிறகு அது கோயில் இல்லை என்று ஆகிவிட்டது. நான் முதல் பாதியை மட்டும் எடுத்துக்கொண்டேன். 'புனித ஜெனவீவ் ஆலயம்' என்று அடித்து, இரண்டு கட்டங்களையும் சேர்த்துவிட்டேன்.

அப்பா திரையைப் பார்த்தார். "ரெண்டு பீரியடா?"

"பெரிய கோயில்ப்பா."

கண்ணாடிக்கு மேலாக என்னை ஒரு தடவை பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துத் தன் தாளில் டிக் போட்டார்.

அத்தோடு முடிந்தது என்று நினைத்தேன். நான் அம்மாவைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை.

அம்மா மரிய செல்வி எங்கள் தெரு அன்பியத்துக்குத் தலைவி. வாரம் ஒரு வீட்டில் பத்துப் பதினைந்து குடும்பங்கள் கூடி ஜெபம் செய்வார்கள். சாயங்காலம் என்னிடம் கேட்டாள். "இந்த ஜெனவீவ் அம்மா எதுக்கு விசேஷம்?"

எனக்குப் பொய் மேல் பொய் சொல்லத் தெரியாது. தேடிப் பார்த்து உள்ளதைச் சொன்னேன். "மழைக்கு. அந்தக் காலத்துல அந்த ஊருக்காரங்க மழை இல்லன்னாலும், வெள்ளம் வந்தாலும் இவங்கள வச்சுத்தான் ஊர்வலம் போவாங்களாம்."

அம்மா கையிலிருந்த முறத்தைக் கீழே வைத்தாள். எங்கள் பக்கம் அந்த வருஷம் குளம் நிறையவே இல்லை.

வியாழக்கிழமைக்குள் ஒரு காலி ஊறுகாய் பாட்டில் நிறைய விண்ணப்பச் சீட்டுகள் வந்துவிட்டன. போர் போட்டால் நானூறு அடியில் தண்ணீர் வர வேண்டும் என்று மூன்று பேர். அறுநூறு அடி போட்டும் வராதவர் ஒருவர். எதிர்வீட்டு சரண்யா அக்கா கோயிலுக்கு வருகிறவர் இல்லை, அவரும் ஒரு சீட்டு எழுதினார். "மழைன்னா எங்க கொல்லையிலயும்தானே பெய்யணும்" என்றார். பால்ராஜ் மாமா வேனுக்கு எஃப்.சி. சான்று கிடைக்க எழுதியிருந்தார். இந்தப் புனிதருக்கும் எஃப்.சி.க்கும் சம்பந்தம் இல்லை என்று அம்மா சொன்னதற்கு, "ஊர்வலம் போற அம்மாதானக்கா, வண்டியோட அரும தெரியும்" என்றார்.

பாட்டில் என் மேஜை மேல்தான் இருந்தது. எலுமிச்சை ஊறுகாய் வாசனை.

சனிக்கிழமை அம்மா சொன்னாள். "வாசல்லருந்து பீடம் வரைக்கும் முழங்காலால நடக்குறேன்னு நேந்துக்கிட்டேன். வேளாங்கண்ணியில மணல்லயே நடந்துருக்கேன். இங்க வழவழன்னு தரைதானே."

நான் கட்டடத்தின் படத்தை மனதில் விரித்துப் பார்த்தேன். வாசலிலிருந்து அம்மா முழங்காலால் நேராக நடந்தால் நடுவில் குவிமாடம். குவிமாடத்துக்குக் கீழே இருபத்தெட்டு கிலோ குண்டு ஆடிக்கொண்டிருக்கும். அம்மா சேலையை ஒதுக்கிக்கொண்டு கண்ணை மூடி ஜெபமாலை சொல்லியபடி அதை நோக்கி வருகிறாள். அவளுக்குப் பின்னால் ஊறுகாய் பாட்டிலோடு நான். அதற்கு மேல் என்னால் பார்க்க முடியவில்லை. விசாவுக்கு நாலு நாள் இருந்தது.

எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. அப்பாவிடம் வாயால் கேட்க முடியாததை லெட்டராகக் கொடுக்கலாம். பல் டாக்டரிடம் போகாமலிருக்க மூன்றாம் வகுப்பில் நான் கொடுத்ததுதான் முதல் லெட்டர். முறையாக எழுதியிருந்தால் பரிசீலிப்பார். ஒரே நிபந்தனை, அம்மா வழியாக வர வேண்டும். அம்மா படித்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் அவர் தொடுவார்.

எழுதினேன்.

'பொருள்: இரண்டாம் நாள் 7, 8ஆம் பீரியட் பற்றிய உண்மை.

மதிப்பிற்குரிய ஐயா,

மேற்படி கட்டடம் இப்போது கோயில் இல்லை. கோயிலாக இருந்து நூறு வருஷத்துக்கு மேல் ஆகிறது. அங்கே ஊசல்தான் இருக்கிறது. நான் அதைப் பார்ப்பதற்காகக் கோயில் என்று எழுதிவிட்டேன்.

ஆவூர் மணிக்கூண்டில் தொங்கவிட்டால் போதாதா என்று பால்ராஜ் மாமா கேட்டதற்குப் பதில்: நாம் பூமத்திய ரேகைக்குப் பக்கத்தில் இருப்பதால் இங்கே அது மணிக்கு மூன்று டிகிரிகூடத் திரும்பாது. பாரிஸில் பதினோரு டிகிரி திரும்பும். ஒரு பீரியடில் எட்டரை டிகிரிதான் வரும். கண்ணுக்கு நன்றாகத் தெரிய இரண்டு பீரியட் வேண்டும். ஆகவே தயவுசெய்து அதை எடுத்துவிட வேண்டாம் என்று பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

அம்மா முழங்காலால் வர வேண்டாம் என்றும் கேட்டுக்கொள்கிறேன்.'

அம்மா பின்வாசலில் மீன் ஆய்ந்துகொண்டிருந்தாள். கை ஈரம் என்பதால் நானே பிடித்துக் காட்டினேன். படித்தாள். ஒரு மீனை முழுதாக ஆய்ந்து முடித்தாள். பிறகுதான் பேசினாள்.

"பாட்டில்ல இருக்க சீட்டுக்கெல்லாம் யாருடி பதில் சொல்றது?"

நான் அடுத்த மீனை எடுத்துக் கொடுத்தேன்.

"நாலு போரு, ஒரு வேனு. எல்லாத்தையும் ஒரு குண்டுக்கு முன்னாடி கொண்டுபோய் வைக்கப் பாத்துருக்க."

கையைக் கழுவிவிட்டுப் பேனா கேட்டாள். லெட்டரின் அடியில், 'பரிந்துரைக்கப்படவில்லை. மரிய செல்வி' என்று எழுதினாள். தாளில் மீன் வாசனை ஏறிவிட்டது.

அப்பா சிவப்புப் பேனாவுடன் படித்தார். முதலில், தேதி போடாததைச் சுழித்தார். பிறகு அலமாரியைத் திறந்து மடித்த தாள் ஒன்றை எடுத்து என் முன் விரித்தார். பாரிஸின் அந்தப் பகுதி வரைபடம். ஊசல் கட்டடத்தைச் சுற்றி ஏற்கெனவே சிவப்பில் ஒரு வட்டம் இருந்தது.

"ஒங்களுக்குத் தெரியுமாப்பா?"

"ஒரே பாட்டி செத்துப்போச்சுன்னு ஒரே பையன் அஞ்சு தடவ லீவ் லெட்டர் குடுப்பான். அதெல்லாம் வாங்கினவன் நான். பூசையில கடைசித் தூணுக்குப் பின்னாடி நிக்கிற பொண்ணு ரெண்டு பீரியட் கோயில் கேட்டா, என்னன்னு பாக்க மாட்டேனா?"

கட்டடத்துக்குப் பின்னால் இன்னொரு சிறிய வட்டம் இருந்தது. அதைத் தொட்டுக் காட்டினார். "இது நெசக் கோயில். அந்தம்மாவ அடக்கம் பண்ணுன கல்லு இங்கதான் இருக்கு. ஒங்க அண்ணன நேர்ல போய்ப் பாத்துட்டு வரச் சொன்னேன். பாத்துட்டான். நடந்தா ரெண்டு நிமிசம்."

"அப்பவே ஏன்ப்பா சொல்லல?"

"லெட்டர் வரல்லையே."

அம்மா கதவருகே நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "எல்லாந் தெரிஞ்சுக்கிட்டு நான் நேந்துக்கிட்டப்பயும் சும்மா ஒக்காந்துருந்தீங்க."

"நேத்திக்கடன் ஜெனவீவுக்குத்தானே. கட்டடத்துக்கு இல்லையே."

அம்மா யோசித்துப் பார்த்தாள். அதில் குறை காண முடியவில்லை. லெட்டரை வாங்கி 'படவில்லை' என்பதை அடித்து 'படுகிறது' என்று மாற்றினாள். கீழே ஒரு நிபந்தனை சேர்த்தாள். பாட்டிலை ஆவூரிலிருந்து அந்தக் கோயில் வரை நான்தான் தூக்கிவர வேண்டும்.

அப்பா மேலே உத்தரவு எழுதினார். அம்மாவும் அண்ணனும் பின்னாலுள்ள கோயிலுக்கு, முழங்கால் நடை அங்கே. நான் ஊசலுக்கு. பேனாவை மூடப் போனவர் மறுபடி திறந்தார்.

"ஏழாவது பீரியட் நானும் வாரேன். பூமி சுத்துதுன்னு முப்பத்திரண்டு வருஷம் நடத்திருக்கேன். சார் அது எப்படித் தெரியும்னு ஒரு பயலும் கேக்கல. கேட்டுருந்தா நான் மாட்டிருப்பேன்."

"எட்டாவது?"

"எட்டாவது நீ தனியா."

புதன்கிழமை சென்னையில், கண்ணாடித் தடுப்புக்குப் பின்னால் ஒரு பெண் எங்கள் தாள்களை வாங்கினாள். ஆறு பக்கத் திட்டத்தைப் புரட்டினாள். பீரியட் எண்களைப் பார்த்தாள். நிமிர்ந்து எங்கள் மூவரையும் பார்த்தாள்.

"பயண நோக்கம்?"

"கல்விச் சுற்றுலா" என்றார் அப்பா.

"மழை" என்றாள் அம்மா.

அவள் என்னைப் பார்த்தாள். பின்னால் வரிசை நின்றிருந்தது. எனக்குக் காது சூடானது.

"ஊசல் பாக்கணும்" என்றேன். என் குரல் கண்ணாடியில் பட்டுத் திரும்பி வந்தது. "அறுபத்தேழு மீட்டர்."

"எத்தன நாள்?"

"ரெண்டு பீரியட்."

அவள் திட்டத்தில் இரண்டாம் நாளைத் தேடி எடுத்துப் பார்த்தாள். பிறகு படிவத்தில் 'சுற்றுலா' என்ற கட்டத்தில் டிக் போட்டாள்.