நாற்பத்தெட்டு நாள் பத்தியம்

இலட்சுமி ஈரத் துணியால் புருஷனின் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தபோதே வாசலில் பேச்சு தொடங்கிவிட்டது.

"ஈரல் கெட்டுப் போச்சாம். தண்ணி போடாம ஈரல் கெடுமா?" என்றாள் பக்கத்து வீட்டுக் கலைச்செல்வி.

"எவ்வளவோ சொன்னேன். கேட்டானா?" என்றான் செத்தவனின் அண்ணன் ஏழுமலை. அவன் ஒருநாளும் எதுவும் சொன்னதில்லை.

நாகலிங்கம் றப்பர் மரத்தில் பால் வெட்டிய இருபது வருஷத்தில் சாராயத்தைத் தொட்டவனில்லை. ஈரலில் ஹெபடைடிஸ் பி கிருமி இருக்கிறது, குடி ஆகாது, மாத்திரையை ஒருநாளும் விடக்கூடாது என்று கிளினிக்கில் சொன்னது அவனுக்கு வேதவாக்கு. நாலு வருஷம் தினம் ஒரு மாத்திரை. ஆள் கல்லுக்குண்டாட்டம் இருந்தான்.

இலட்சுமிக்குத்தான் பொறுக்கவில்லை. சாகிற வரைக்குமா மாத்திரை? யாருக்கும் சொல்லாமல் நாட்டு வைத்தியம் பார்க்கிற ஒரு சிங்கள வெதமாத்தயாவிடம் போய்க் கஷாயம் வாங்கி வந்தாள். நாற்பத்தெட்டு நாள் பத்தியம். புளி ஆகாது, மீன் ஆகாது, இங்கிலீஷ் மருந்து கூடவே கூடாது. அவன் மாத்திரையைத் தேடியபோது, அரிசி டின்னுக்குள் ஒளித்துவிட்டு, காணோம் என்று கையை விரித்தாள். அடுத்த கிளினிக்குக்கு ஒன்றரை மாதம் இருந்தது. அதுவரைக்கும் இதைக் குடிங்க என்று கஷாயத்தை நீட்டினாள். முப்பதாம் நாள் அவன் கண் மஞ்சளானது. கிருமி வெளியே போகிறதென்று மகிழ்ந்து இன்னும் பத்து நாள் ஊற்றினாள், மகராசி.

ஆஸ்பத்திரியில் டாக்டர் கேட்டார். "மாத்திரைய நிப்பாட்டினீங்களா?"

"இல்லைங்க சார்."

கட்டிலில் கிடந்த நாகலிங்கம் அவளைப் பார்த்தான். ஆனாலும் அவள் சொன்னதை மாற்றவில்லை.

கொழும்பில் கார்மெண்ட் வேலையிலிருந்து இன்று காலையில்தான் சாவு வீட்டுக்கு வந்து சேர்ந்த மகள் சசி குனிந்து காதோடு சொன்னாள். "அப்பா குடிச்சதே இல்லன்னு சொல்லுங்கம்மா. நீங்க சொன்னா நம்புவாங்க."

சொன்னால் அடுத்த கேள்வி வரும். அப்புறம் எதனால் செத்தான் என்று கேட்பார்கள். இலட்சுமி துணியை மெதுவாகப் பிழிந்தாள்.

"நமக்குத் தெரியாம கொஞ்சம் போட்டுக்கிட்டுத்தான் இருந்தாரு," என்றாள், வாசலுக்குக் கேட்கிற மாதிரி.

சசி எழுந்து சுவரோரம் போய் நின்றுகொண்டாள்.

பெட்டியை மூடும் நேரம் வந்தது. செத்தவருக்குப் பிடித்ததைக் கூட வைத்து அனுப்புவது தோட்டத்து வழக்கம். ஏழுமலை மடியிலிருந்து அரைப் போத்தல் சாராயத்தை எடுத்தான். வைக்க இடம் போதவில்லை. இலட்சுமி குனிந்து, புருஷனின் கையைக் கொஞ்சம் நகர்த்திக் கொடுத்தாள்.