பன்னிரண்டு வாரம்

வெள்ளிக்கிழமை காலை, சிங்கப்பூர் தோ பாயோ வீட்டில் சாமி விளக்கை ஏற்றிவிட்டு வைதேகி திரும்பியபோது, பின்னால் நின்றிருந்த மாமியார் ரத்தினம்மா அவள் கன்னத்தை இரண்டு கையாலும் வழித்து நெட்டி முறித்தாள். கண்ணில் தண்ணீர், வாயில் சிரிப்பு.

"மறைச்சது போதும்லா. மூணு மாசமா ஒரு நாள்கூட நீ விளக்கேத்தாம இருந்ததில்ல. எனக்குத் தெரியாதா?"

அந்த வீட்டில் தூரமான மூன்று நாளும் வைதேகி சாமி அலமாரிப் பக்கம் போகமாட்டாள். "இன்னிக்கு நீங்க ஏத்துங்க அத்த" என்பாள், மாமியார் புரிந்துகொள்வாள். தன் கணக்கு தப்பியதே இல்லை என்று ரத்தினம்மாவுக்கு ஒரு மிதப்பும் உண்டு, பாவம்.

அந்தக் கணக்கைக் கெடுத்தது ஓர் ஊசி. வைதேகியின் எட்டு மாதப் பிள்ளை வயிற்றிலேயே அசைவு நின்றுபோய் ஒன்றரை வருடமாகிவிட்டது. ஆனாலும் தேதி நான்கு நாள் தள்ளினால் அவளுக்குப் பயம் பிடித்துக்கொள்ளும். தினமும் போடும் கருத்தடை மாத்திரையை மறந்துவிடுவோமோ என்பது ஒரு தனிக் கவலை. கடைசியில் அவளும் கணவன் கேசவனும் சிராங்கூன் ரோட்டுக் கிளினிக்குக்குப் போனார்கள். டாக்டர் பொறுமையாகத்தான் சொன்னார்: பன்னிரண்டு வாரத்துக்கு ஒருமுறை தவறாமல் வந்து ஊசி போட்டால் நம்பலாம்; உதிரப்போக்கு தாறுமாறாகும், சிலருக்கு நின்றே போகும், அதில் ஆபத்தில்லை; எலும்பு கொஞ்சம் பலம் குறையலாம், அதனால் வருடக்கணக்கில் போடுவதானால் பேசிவிட்டுப் போடுவோம். இருவரும் தலையாட்டினார்கள். வீட்டில் ஒரு விளக்கு இருப்பதை இருவருமே யோசிக்கவில்லை. இரண்டாவது ஊசியோடு சுத்தமாக நின்றுவிட்டது. மூன்றாவது இன்று மாலை.

வேலைக்குக் கிளம்பி நின்ற கேசவன் குனிந்து, ஏற்கெனவே கட்டிய ஷூ லேஸை மறுபடி கட்டத் தொடங்கினான். அவனை நம்பிப் பயனில்லை. இது உண்மையாகவே இருக்கக்கூடாதா என்று ஒரு கணம் வைதேகியின் மனம் அடித்துக்கொண்டது. அப்படி நினைத்துவிட்டதுதான் அவளை உடைத்தது.

"அப்படி இல்ல அத்த. புள்ள வராம இருக்க ஊசி போட்டுக்கறேன். அதுல நின்னுடுச்சு."

ரத்தினம்மா நாற்காலியைத் தேடிப் பிடித்து உட்கார்ந்தாள்.

"ஊசிய நிறுத்திட்டா?"

"உடனே தங்காது. ஒரு வருஷம்கூட ஆகலாம்னாங்க."

"நிறுத்துவியா?"

"பயமா இருக்கு அத்த. மறுபடியும் அசையாம போயிட்டா?"

ரத்தினம்மா பதில் சொல்ல வாயெடுத்தாள். அதற்குள் அழைப்புமணி அடித்தது. கம்பிக்கதவுக்கு வெளியே எதிர்வீட்டு மலாய்க்கார அம்மா, முகமெல்லாம் சிரிப்பாக, தட்டு நிறையத் தேங்காய்ப்பூ தூவிய உருண்டைகளோடு நின்றார். ரத்தினம்மா நேற்றே லிஃப்டில் அவரிடம் சொல்லிவிட்டாள் போலிருக்கிறது.

ரத்தினம்மா எழுந்தாள். முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு கதவைத் திறந்தாள். "தெரிமா காசி, தெரிமா காசி" என்று மலாயில் நன்றி சொல்லி இரண்டு கையாலும் தட்டை வாங்கிக்கொண்டாள். மருமகளைப் பார்க்க அந்த அம்மா எட்டிப் பார்த்தபோது, வைதேகி கண்ணில் படாதபடி ரத்தினம்மா வாசலை அடைத்து நின்றாள். அவள் இன்னும் சிரித்துக்கொண்டுதான் இருந்தாள். கையிலிருந்த தட்டு ஒரு பக்கமாகச் சாய்ந்து, தேங்காய்ப்பூ அவள் கால்மேல் உதிர்ந்துகொண்டிருந்தது.