கிருமியின் மச்சான்

கிணற்று மேட்டில் ஏறிய அப்துல் அலீம் ஊதா மருந்துப் புட்டியின் மூடியைத் திருகிக்கொண்டிருந்தபோதே முத்துத்தாய் குறுக்கே வந்து நின்றாள்.

"மூடுங்க பாய். கருப்புசாமி பொங்கலுக்கு இந்தத் தண்ணிதான். சாயம் கலக்க விடமாட்டோம்."

எழுமலையில் அவள் சாமியாடி. அவள் சொன்னால் சொன்னதுதான். நேற்றுப் பக்கத்துத் தெருவில் இரண்டு பேரை வாந்திபேதி கொண்டுபோயிருந்தது. இன்னும் ஒரு மணி நேரத்தில் ஊரே இங்கே குடம் இறக்கும். அதற்குள் மருந்து விழாவிட்டால் சுகாதார இன்ஸ்பெக்டர் அலீம் பிணம்தான் எண்ண வேண்டும்.

"தண்ணியில கிருமி இருக்கு ஆத்தா."

"நீங்க பாத்தீகளா?"

"டாக்டர் பாத்திருக்காரு."

"எங்க கருப்பசாமியைக் குறி சொல்ற கோடாங்கி பாத்திருக்காரு. கணக்கு சரியாப் போச்சு."

"பாயும் நம்ம கட்சிதான்டா, பாக்காமலே நம்புறாரு," என்றான் வேடிக்கை பார்க்கக் கூடியவர்களில் நின்ற பேயாண்டி. கூட்டம் சிரித்தது.

முத்துத்தாய் கிணற்று நீரை ஒரு செம்பில் மொண்டு நீட்டினாள். "உசிலம்பட்டியில இருந்து சைக்கிள் மிதிச்சு வந்திருக்கீக. குடிச்சுட்டுப் பேசுங்க."

அலீம் வாங்கி, வறண்ட உதட்டை நக்கிக்கொண்டு, செம்பைச் சுவர்மேல் வைத்தார்.

"கோடாங்கிக்குத் தெரியுறது கோடாங்கிக்கு மட்டும். இது யாரு பாத்தாலும் தெரியும்," என்று வீறாப்பாகச் சொல்லி, சைக்கிளில் கட்டியிருந்த மைக்ராஸ்கோப்பை அவிழ்த்தார்.

இரண்டு வருஷமாகச் சுமந்தாரே தவிர, அதற்குள் அவர் எட்டிப் பார்த்ததே இல்லை. ஒரு சொட்டு விட்டார். திருகைத் திருகினார். கிருமியும் இல்லை, கிருமியின் மச்சானும் இல்லை. அவருடைய இமை மயிர்தான் தென்னை மட்டைபோல ஆடியது.

"தள்ளுங்க." முத்துத்தாய் இடது கண்ணை இறுக மூடி, வலது கண்ணைக் குழலில் பதித்தாள்.

"அடி ஆத்தி," என்று நிமிர்ந்தாள். "வாலும் அதுவுமா நெளியுது. மருந்தைக் கொட்டுங்க பாய். இன்னைக்கு எவளும் இங்க குடம் எறக்கக் கூடாது."

கிணறு ஊதாவானது. கூட்டம் கலைந்தது. அலீம் குரலைத் தாழ்த்தினார்.

"நெசமாச் சொல்லுங்க ஆத்தா. எனக்கு ஒண்ணும் தெரியலை. உங்களுக்கு என்ன தெரிஞ்சது?"

அவள் சுவரைக் காட்டினாள். செம்பு அப்படியே இருந்தது.

"நாக்கு வறண்டு நின்ன மனுசன் ஒரு மடக்குக் குடிக்கலை. அது எனக்குப் போதும். ஊருக்கு வேற சாட்சி வேணுமில்ல?"

"அப்ப குழல்ல தெரிஞ்சது?"

முத்துத்தாய் அக்கம்பக்கம் பார்த்தாள்.

"இந்த வலது கண்ணு அவிஞ்சு மூணு வருசமாச்சு பாய். வெளிய சொல்லிராதீக, அப்புறம் எங்கிட்டக் குறி கேக்க யாரு வருவா?"