வேகாத முடி

தங்கையை வெள்ளை மேஜையில் உட்கார வைக்கச் சொல்லி மேஸ்திரியை மூன்று மாதம் நச்சரித்தவள் அக்காதான்.

அந்தத் தொழிற்சாலைக்குக் குதிரைவால் முடி பொதி பொதியாக வந்து இறங்கும். கறுப்பு முடி மெத்தைக்குள் போகும், வெள்ளை முடி உயர்ந்த பிரஷ்ஷுக்கு. பிரித்து, ஆணிச் சீப்பில் இழுத்து, நீளம் பார்த்துக் கட்ட வேண்டும். கறுப்பு மேஜையில் ஒருநாள் இருந்தால் எச்சில்கூடக் கறுத்துவிடும். வெள்ளை மேஜை ஜன்னலோரம். அங்கே இருப்பவர்களை மற்றவர்கள் மகாராணி என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை தங்கையின் கழுத்தில் ஒரு கொப்புளம் வந்தது.

"கொசுக்கடிக்கா. வலிக்கவே இல்ல. நீ எதுக்கெடுத்தாலும் ஊரைக் கூட்டுவ."

வியாழக்கிழமை அதன் நடுவில் கரித்துண்டு பதித்தாற்போல் கறுத்தது. கழுத்தும் கன்னமும் வீங்கி ஒன்றாயின. ஆஸ்பத்திரியில் டாக்டர் தங்கையிடம் எதுவும் கேட்கவில்லை. அக்காவிடம்தான் கேட்டார்.

"எங்க வேலை? தோலா, முடியா?"

"முடிங்க."

"வேகவச்ச முடியா?"

"எல்லாத்தையும் வேகவச்சுத்தான் பிரிப்போம்" என்றாள். சொன்ன பிறகுதான் யோசித்தாள். கறுப்புப் பொதிகள் ஆவிக் கொப்பரைக்குள் இறங்குவதை அவள் தினமும் பார்த்திருக்கிறாள். வெள்ளைப் பொதி இறங்கி ஒருநாளும் பார்த்ததில்லை.

"செத்த மிருகத்தோட நோய் இது. அந்தக் கிருமி முடியிலயே உயிரோட இருக்கும், வேகவச்சாத்தான் சாகும். ரெண்டு நாள் தாண்டட்டும், பாப்போம்" என்றார் டாக்டர்.

அங்கிருந்து நேரே தொழிற்சாலைக்கு வந்தாள்.

"வெள்ளைய வேகவச்சா மஞ்சளாயிடும்மா. அப்புறம் எவன் சீந்துவான்?" என்றார் மேஸ்திரி.

"தெரிஞ்சேதான் உட்கார வச்சீங்களா?"

"நல்லா இருக்கே. கால்ல விழாத குறையா நீதானே கேட்ட?"

அவர் சொன்னதில் ஒரு எழுத்துகூடப் பொய்யில்லை. அதற்காகவே அவர் முகத்தைக் கீற வேண்டும்போல் அவளுக்கு இருந்தது.

ஜன்னலோரம் தங்கையின் முக்காலியில் அதற்குள் வேறொருத்தி வந்துவிட்டிருந்தாள். அவள் காலடியில் புதிய வெள்ளைப் பொதி. தையலைப் பிரிக்கக் கத்தியை எடுத்திருந்தாள்.

"கைய எடு."

"எனக்கு இப்பதான்க்கா இந்த இடம் கெடச்சிருக்கு."

"எடுடின்னா."

சுவரில் மாட்டியிருந்த பொதிக்கொக்கியை எடுத்து அக்கா சாக்கில் குத்தினாள். தரையோடு இழுத்துப்போய், முழங்காலால் முட்டுக்கொடுத்துக் கொப்பரைக்குள் தள்ளினாள். மூடியைச் சாத்தி ஆவிக்குழாயைத் திறந்தாள்.

மேஸ்திரி ஓடிவந்தார். அவள் குழாயை மறைத்து நின்றாள். கொக்கி கையிலேயே இருந்தது. அவர் நான்கடி தள்ளியே நின்றுவிட்டார்.

"முதலாளியக் கூப்பிடட்டுமா? வேலைக்கு உலை வச்சுக்காத."

"கூப்பிடுங்க. அவர் வர்றதுக்குள்ள வேகவைக்கக் கிடங்குல இன்னும் மூணு பொதி இருக்கு."