ஈயக் குடுவைக்குள் கிடந்த கம்பி

ஈயத்தைக் கண்டால் எங்கள் கடற்கரையில் எவனும் சும்மா போகமாட்டான். வலையின் அடியில் ஈயக் குண்டு கோர்த்தால்தான் அது தண்ணீரில் தாழும். கடையிலோ ஈயம் யானை விலை. புதுத் துறைமுகத்தில் குழாய் அடுக்குக்குப் பக்கத்தில் செம்பளவு ஈயக் குடுவை ஒன்று கேட்பாரற்றுக் கிடந்தது. இந்தப் பாஸ்கல், அதாவது நான், அதைத் துண்டில் சுருட்டிக்கொண்டு வந்துவிட்டேன்.

அடுப்பில் வைத்து உருக்கினேன். ஈயமெல்லாம் ஓடியபிறகு விரல் நீளக் கம்பி ஒன்று மட்டும் உருகாமல் மிஞ்சியது. "பாவாடைக்கு நாடா கோர்க்க ஆகும்" என்று என் பெஞ்சாதி பிளாரன்ஸ் அதைச் சுருக்குப்பையில் போட்டு இடுப்பில் செருகிக்கொண்டாள்.

மறுநாளே துறைமுகத்திலிருந்து தண்டோரா போட்டார்கள். குடுவையை எடுத்தவன் கொடுக்காவிட்டால் ஜெயில் என்றார்கள். ஆபத்து என்று ஒரு வார்த்தை சொன்னார்களா, பாவிகள்! வார்த்து வலையில் கோர்த்த குண்டை எவன் அவிழ்ப்பான் என்று நானும் வாயை மூடிக்கொண்டு இருந்துவிட்டேன்.

ஆறாம் நாள் காலையில் வாசலில் ஜீப் வந்து நின்றது. ஒரு போலீஸ்காரரும் மெட்ராஸ் ஆபீஸர் ஒருவரும் இறங்கினார்கள். ஆபீஸர் கையிலிருந்த பெட்டி டிக், டிக் என்றது. பிளாரன்ஸ் பக்கம் திரும்பியதும் ஓட்டில் மழை விழுந்தாற்போல் சடசடவென்று அடித்தது. அவர் முகம் வெளிறிப்போயிற்று.

"இடுப்புல என்னம்மா? அவிழ்த்து வீசிட்டு ஓடி வாங்க!"

அவள் வீசிய பையை நீளக் குறட்டால் எடுத்து, தான் கொண்டுவந்த ஈயப்பெட்டிக்குள் போட்டு மூடினார். நான் அவரிடமே கேட்டேன்.

"தீயில போட்டு எடுத்த கம்பிதானே சார்? அதுல இன்னும் என்ன இருக்கும்?"

"தீ அணுவோட வெளிப்பக்கத்தைத்தான் தொடும். இது நடுவுல இருக்கிற அணுக்கருவோட வேலை. அந்தக் கருவுல நியூட்ரான் அதிகம். அது நிலைகொள்ளாம மாறும்போது கதிர் கிளம்பும். குழாயைப் பத்தவச்ச இடத்தைப் படம் பிடிக்கிற கதிர்ப்பா, இரும்பையே துளைச்சிட்டுப் போகும். அதை அடக்கத்தான் ஈயம். காவலை உருக்கிட்டு, திருடனை இடுப்புல கட்டி வச்சிருக்கீங்க."

அவர் சட்டைப்பையிலிருந்து நோட்டை எடுத்தார்.

"எத்தனை நாளா இருந்தது? நாளைப் பொறுத்துதான் வைத்தியம்" என்றார்.

"ஏலே, என்னைக்குலே எடுத்த?" என்றார் போலீஸ்காரர்.

ஜெயில் என்ற தண்டோரா இன்னும் என் காதில் ஒலித்தது. "நேத்துதான் ஐயா, கரையில கெடந்துச்சு" என்றேன்.

பிளாரன்ஸ் போலீஸ்காரரின் தடியைப் பார்த்தாள். என்னைப் பார்த்தாள். "ஆமா ஐயா, மாதா சத்தியமா நேத்துதான் கொண்டாந்தாவ" என்றாள்.

ஆபீஸருக்கு மூச்சு வந்தது. "பழைய கம்பி, வீரியம் குறைஞ்சது. ஒரு நாள்னா சமாளிச்சிடலாம்" என்று சொல்லி நோட்டில் எழுதப் போனார்.

பிளாரன்ஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு நின்றாள். எண்ணெய் தெறித்தாற்போல் அங்கே ஒரு சிவப்பு. மூன்று நாளாகத் தேங்காயெண்ணெய் தடவுகிறாள். வேர்க்குரு என்று நான்தான் சொன்னேன். இவள் என்னைக் காப்பாற்றுகிறாள், நான் இவளைக் கொல்லுகிறேன்.

"பொய் சார்! அஞ்சு நாளாச்சு. ராத்திரியும் இடுப்புலதான்" என்றேன்.

பென்சில் நின்றது. அவள் என் கையை இறுக்கிப் பிடித்தாள்.

"ஏன் சொன்னீரு? உம்மப் புடிச்சிட்டுப் போயிருவாவளே!"

என்னை யாரும் பிடிக்கவில்லை. அவளைத்தான் ஆஸ்பத்திரிக்கென்று ஜீப்பில் ஏற்றினார்கள்.