உத்தரவு கொடுக்காத கிடா

“இந்தக் காஞ்சிபுரம் ஜில்லாவுலயே, ஒரு கிடா கிட்ட வந்து மோந்து பார்த்து, ‘பாவம், பொழைச்சிப் போ’ன்னு வெட்டாம விட்ட ஒரே மனுஷன் நான்தான்!”

வீரபாகு இதைச் சொன்னபோது அவர் தலையிலிருந்து மஞ்சள் தண்ணீர் சொட்டிக்கொண்டிருந்தது. கையில் கயிறு. கயிற்றின் மறுமுனையில், இந்நேரம் முசரவாக்கம் கன்னியம்மன் கோயில் வாசலில் குழம்பாகக் கொதித்துக்கொண்டிருக்க வேண்டிய கறுப்புக் கிடா, உயிரோடு நின்றது. அரைத்த மசாலாவைத் தூக்குச்சட்டியில் அடைத்து ஷேர் ஆட்டோவுக்குக் கிளம்பிய ரேணுகாம்பாள், வாசலிலேயே நின்றுவிட்டாள்.

“யோவ், குடிச்சிருக்கியா?”

“ஊது பார்க்கறியா? ஊதிக் காட்டட்டுமா?”

ஊதச் சொல்லிப் பயனில்லை. மின்வாரியத்தில் முப்பத்தைந்து வருஷம் கம்பம் ஏறி ஓய்வு பெற்ற மனுஷன், ஏறிய கம்பத்தைவிட விட்ட கதைகள் அதிகம். புயலில் அறுந்த கம்பியின் இரண்டு முனையையும் பல்லால் கடித்துக்கொண்டு நாற்பது தெருவுக்கு விளக்கு எரிய வைத்தவர். மாகறல் பக்கம் இருட்டில் பாம்பைக் கம்பி என்று நினைத்து முறுக்கி ஒரு வீட்டுக்கு இணைப்பே கொடுத்துவிட்டதாகவும், அந்த வீட்டில் டிவி நன்றாகத்தான் ஓடியது என்றும் சத்தியம் செய்வார். கட்டிய நாள் முதல் அவர் சொன்னதில் பாதியைத் தள்ளி, மீதியில் பாதியை நம்பிக் குடித்தனம் நடத்தியவள் ரேணுகாம்பாள். கிடா மனுஷனை விட்டது என்பதில் எந்தப் பாதியைத் தள்ளுவது?

பூசாரி கலியனுக்குப் போன் போட்டாள்.

“கிடா சிலுப்பல அக்கா. மூணு செம்பு ஊத்தினேன், நாலாவதைக் காதுலயும் ஊத்தினேன். கல்லு மாதிரி நின்னுது. உங்க வூட்டுக்காரருதான் காதைப் பிடிச்சிக்கினு குதிச்சாரு. வெயில் ஏறிடுச்சோ என்னமோ.”

அவர்கள் வழக்கம் அது. நேர்ந்துவிட்ட கிடாவின் மேல் மஞ்சள் தண்ணீர் தெளிப்பார்கள். அது தலையை ஆட்டி உடம்பைச் சிலுப்பினால் அம்மன் உத்தரவு கொடுத்துவிட்டாள் என்று அர்த்தம். சிலுப்பும்வரை கத்தி எடுக்கக் கூடாது. எடுக்க முடியாமல் போனதாக யாருக்கும் ஞாபகமில்லை. அம்மன் தயங்குகிறாள் என்று தோன்றினால் காதுக்குள் ஊற்றிவிடுவார்கள். காதில் தண்ணீர் போனால் எந்த ஆடுதான் சிலுப்பாது?

ரேணுகாம்பாளுக்குப் புரிந்துவிட்டது. மகளுக்காக இந்த மனுஷன் நாடகம் ஆடியிருக்கிறார்.

மகள் சிம்ரன் ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலையில் இருந்தாள். மூன்று வருஷமாகக் கறி, மீன், முட்டை கிடையாது; பால், தயிர், நெய்யும் கிடையாது. போன சித்திரையில் எட்டாம் மாதமே பிள்ளை பிறந்துவிட்டது. இருபத்தொரு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் கிடந்தது, உள்ளங்கை அகலம்தான் இருந்தது. அந்தக் கண்ணாடியில் நெற்றியை வைத்துக்கொண்டு ரேணுகாம்பாள் நேர்ந்துகொண்டாள்: தாயே, இவன் உயிரோடு வெளியே வந்தால் உனக்கு ஒரு கிடா. வந்தான். இப்போது கன்னம் குழியச் சிரிக்கிறான். தாத்தா வீட்டுக்கு இன்னும் வந்ததில்லை.

“கீரையும் சோயாவும் தின்னு சுமந்த பாரு, அதான் எட்டாம் மாசமே வந்துட்டான்” என்று போன மாதம் போனில் ஆரம்பித்தது சண்டை.

“டாக்டரே என் ரத்தத்துல ஒரு குறையும் இல்லன்னாங்கம்மா. மாத்திரை ஒண்ணு விடாம போட்டுக்கினேன். பக்கத்து பெட்ல இருந்த பொண்ணு தினம் ஈரல் தின்னுச்சு, அதுக்கும் எட்டாம் மாசம்தான்.”

“சரி, நேர்ந்ததை இன்னா பண்ணச் சொல்ற?”

“என் பிள்ளை பொழைச்சதுக்கு இன்னொருத்தி பிள்ளையை வெட்டுவியா?”

“ஆட்டைப் போயி ஒருத்தின்றியேடி!”

“அதுக்கும் அம்மா இருந்திருக்கும் இல்ல?”

ரேணுகாம்பாளுக்கு ரத்தம் கொதித்தது. “கறி தின்றவங்கன்னு சொல்லித்தான்டி அந்த சைவக்காரங்க எங்கப்பனைத் தெருவுலயே நிக்க வெச்சு, தீட்டுன்னு கையில தூக்கி ஊத்தினாங்க தண்ணியை. இப்ப நீயும் அவங்க கட்சியா?”

“அவங்க பால் குடிக்கிறாங்க, பட்டு கட்டறாங்க. எனக்கு ரெண்டும் வேணாம். நான் எந்தக் கட்சிம்மா?”

அப்போது ரேணுகாம்பாளின் மடியில் பட்டு நூல்தான் இருந்தது. தறிக்காரர் வீடுகளுக்கு ஊடை நூலைக் குச்சியில் தாராகச் சுற்றிக் கொடுப்பது அவள் தொழில். கொதிக்கும் தண்ணீரில் புழுவோடு போட்டு எடுத்த நூல் அது என்று மகள் ஒருநாளும் அவளிடம் சொன்னதில்லை. சொல்லாததே அவளுக்கு வலித்தது.

“ஒண்ணு மட்டும் சொல்லிடறேன். கிடா வெட்டினா, நான் பிள்ளையைத் தூக்கிக்கினு அந்த வூட்டு வாசப்படி மிதிக்க மாட்டேன்.”

வெட்டினால் பேரன் வர மாட்டான். வெட்டாவிட்டால், கொடுத்த அம்மனே அவனைத் திரும்ப எடுத்துக்கொள்வாள். மகள் கோபித்துக்கொண்டாலும் பேரன் எங்கேயாவது உயிரோடு இருந்தால் போதும் என்று ரேணுகாம்பாள் முடிவு செய்தாள். சந்தைக்குப் போய்க் கிடாவை அவளே பொறுக்கினாள். விலா எலும்பைத் தடவி, இடுப்பைக் கிள்ளி, தொடையை அமுக்கி, உதட்டைப் பிரித்துப் பல் பார்த்து வாங்கிய கிடா. அதைத்தான் இந்த மனுஷன் திரும்ப ஓட்டிக்கொண்டு வந்திருக்கிறார்.

“அடுத்த ஞாயித்துக்கெழமை நானே வர்றேன்” என்றாள்.

கிடா ஒரு வாரம் கொல்லைப்புறத்தில் நின்றது. நின்றது என்றுதான் சொல்ல வேண்டும். படுத்து யாரும் பார்க்கவில்லை. ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ரேணுகாம்பாள் பார்க்கும்போது தழையைத் தொடாது. தலையைத் திருப்பிவிட்டுப் பார்த்தால் தழை இருக்காது. பட்டப்பகலில் அவள் உட்கார்ந்து தார் சுற்றுவாள், முதுகுத்தண்டில் யாரோ விரலை வைத்து ஒவ்வொரு எலும்பாக எண்ணிக்கொண்டு இறங்குவதுபோல இருக்கும். திரும்பினால், பதினைந்தடி தள்ளி, கயிற்றின் எல்லையில் நின்று பார்த்துக்கொண்டிருக்கும். முப்பது வருஷமாக இழை அறுபடாத கையில் அந்த வாரம் ஒன்பது இடத்தில் அறுந்தது.

புதன்கிழமை ஆட்டுக்கால் பாயா வைத்தாள். வாசனைக்கே இரண்டு தெரு தாண்டி வருகிற வீரபாகு, தட்டை ஒரே விரலால் தள்ளிவிட்டார்.

“எனக்கு வேணாம் ரேணு.”

“உடம்புக்கு இன்னா?”

“அன்னிக்கு எல்லாரும் என்னைப் பார்த்தாங்க பாரு... நான் இந்தத் தட்டைப் பார்க்கற மாதிரியே இருந்துச்சு.”

அவர் சிரிக்கவில்லை. சிரிக்காமல் அவர் பொய் சொல்லி அவள் பார்த்ததில்லை. ஆனாலும் மனுஷன் ஓய்வுக்குப் பிறகு பொய்யில் தேறியிருக்கிறார் போலும் என்று நினைத்துக்கொண்டு, பாயாவை அவளே குடித்தாள்.

ஞாயிறு. முசரவாக்கத்தில் உச்சி வெயில். பங்காளி வீட்டார் பத்துப் பதினைந்து பேர், அடுப்பு மூட்டி, வெங்காயம் உரித்துத் தயாராக இருந்தார்கள். கிடாவின் கழுத்தில் மாலை. கலியன் முதல் செம்பு ஊற்றினார். கிடா நின்றது. இரண்டாவது. மூன்றாவது. வேப்பமரத்துக் காக்கைகள் சத்தத்தை நிறுத்திவிட்டன. வெங்காயம் உரித்த கைகளும் நின்றன.

“காதுல ஊத்துப்பா.”

“போன வாரம்தான் ஊத்தினனே அக்கா...” கலியன் பின்வாங்கினார்.

“இங்க குடு செம்பை.”

வீரபாகு ஒரு எட்டு வைத்தார். “ரேணு, வேணாம்.” அவள் திரும்பிப் பார்க்கவில்லை. இடது கையால் கிடாவின் காதைத் தூக்கினாள். வெற்றிலைபோல மெல்லியதாக, சூடாக இருந்தது. செம்பைச் சாய்த்தாள்.

அவள் காது சில்லிட்டது.

தண்ணீர் கிடாவின் காதுக்குள் இறங்குவதைக் கண்ணால் பார்த்துக்கொண்டிருக்கிறாள். அது அவள் காதுக்குள் இறங்கிக்கொண்டிருந்தது. குளத்தில் முங்கியதுபோல உலகத்துச் சத்தமெல்லாம் அடைத்துக்கொண்டது. கழுத்து வழியாக, ரவிக்கைக்குள், முதுகு நெடுக மஞ்சள் தண்ணீர் ஓடியது. கிடாவின் மயிர் காய்ந்து கிடந்தது. தாங்க முடியவில்லை. தலையை ஒரு உதறு உதறினாள். உடம்பு முழுக்கச் சிலுப்பியது.

எல்லாருடைய முகமும் மலர்ந்தது. பெண்கள் குலவையிட்டார்கள், நாக்கு ஆடுவது தெரிந்தது, சத்தம் கேட்கவில்லை. கலியன் கும்பிட்டார். கும்பிட்டுவிட்டு, கிடாவை விட்டு அவள் பக்கம் திரும்பினார். கோபமில்லை, வெறியில்லை, தினமும் செய்கிற வேலையின் நிதானம்தான் இருந்தது. குங்குமம் அப்பிய கையை அவள் தாடைக்கடியில் கொடுத்து, முகத்தை மேலே தூக்கினார். அந்தப் பக்கம் பங்காளி வீட்டுப் பெண் அவளை மேலிருந்து கீழே பார்த்தாள்: தொடை யார் வீட்டுக்கு, ஈரல் யாருக்கு. அந்தப் பார்வை ரேணுகாம்பாளுக்குத் தெரிந்த பார்வைதான். வருஷா வருஷம் இதே இடத்தில் நின்று அவளே பார்த்த பார்வை. வீரபாகுவைக் கூப்பிட வாயைத் திறந்தாள். வந்தது அவள் குரலில்லை.

மாலை அவள் கழுத்தில் இருந்தது.

கிடா நடந்து வந்தது. விலாவில் மூக்கை வைத்தது. பிறகு இடுப்பில். பிறகு தொடையில். சந்தையில் அவள் கை போன அதே வரிசை. சூடான மூச்சு மேலேறி வந்து, ஈர மூக்கால் அவள் உதட்டைப் பிரித்துப் பல்லைப் பார்த்தது. கண்ணில் நீளவாக்கில் கிடந்த கறுப்புக்கோடு, அசையாமல், வெகுநேரம் அவளைப் பார்த்தது. பாவம் பார்த்ததோ, கொழுப்பு போதாது என்று நினைத்ததோ, அது யாருக்குத் தெரியும்? நீளமாக ஒரு மூச்சு விட்டது. திரும்பி நடந்து, உதிர்ந்து கிடந்த வேப்பிலையைத் தின்ன ஆரம்பித்தது.

காது பட்டென்று திறந்துகொண்டது. அவள் மண்ணில் உட்கார்ந்திருந்தாள்.

“அக்காவுக்கு மயக்கம்! சோடா வாங்கியாங்கப்பா!”

மாலை கிடாவின் கழுத்தில்தான் இருந்தது. கலியன் பத்தடி தள்ளி நின்றார். கத்தி தாம்பாளத்தை விட்டு அசையவே இல்லை. ரேணுகாம்பாள் தாடையைத் துடைத்தாள். விரலில் குங்குமம் வந்தது. ஐந்து விரல் தடம். கலியன் தன் உள்ளங்கையைப் பார்த்துவிட்டு, அதை மெதுவாக முதுகுக்குப் பின்னால் மறைத்துக்கொண்டார்.

“வேற... வேற கிடா பார்க்கலாமா அக்கா?”

“ஒரு கிடாவும் வேணாம்.”

போனை எடுத்து மகளை அழைத்தாள்.

“வெட்டிட்டியாம்மா?” எடுத்ததுமே சிம்ரனின் குரல் உடைந்திருந்தது.

“இல்ல. சாயந்திரம் பிள்ளையைத் தூக்கிக்கினு வூட்டுக்கு வா.”

“நெசமாவா? அப்ப நேர்ந்தது?”

“கேட்டுப் பார்த்தாச்சு. உத்தரவு வரல. அம்மன் கேக்காததை நான் எப்படிடி குடுப்பேன்? அவ பிள்ளையை எடுத்துக்க மாட்டா, நீ வா. கறி நல்லதா கெட்டதான்னு அப்புறமா உன்கிட்ட சண்டை போடறேன். இப்ப தெம்பில்ல.”

பக்கத்தில் வந்து குந்திய வீரபாகுவுக்குக் கண் கலங்கியிருந்தது. வாய் மட்டும் அடங்கவில்லை. “என்னை அது அரை நிமிஷம்தான் ரேணு மோந்துது. உன்னை முக்கால் மணி நேரம் மோந்துச்சு! என்கிட்ட, ‘எலும்பு நல்லா இருக்குது’ன்னு சொல்லிட்டுக்கூடப் போச்சு!”

“அப்பா அங்க இன்னா சொல்லிக்கினு இருக்காரு?” என்றாள் சிம்ரன். “போன வாரம் கிடா விட்டுச்சுன்னாரே, அந்தக் கதையா?”

ரேணுகாம்பாள் கிடாவைப் பார்த்தாள். அது மென்றுகொண்டே அவளைப் பார்த்தது.

“கதை இல்லடி” என்றாள். “நடந்துச்சு.”