தலைமாட்டுக் கயிறு

மினாவின் சவப்பெட்டி பகல் ரயிலில் வந்தது. கூட இரண்டு நர்சுகள் வந்தார்கள். ராணுவ ஆஸ்பத்திரியில் காய்ச்சல் கண்ட சிப்பாய்களைப் பார்த்துக்கொண்டிருந்த என் அக்கா, அதே காய்ச்சலில் போய்விட்டாள். சண்டை முடிந்து மூன்று மாதம் ஆகியிருந்ததால், இதைப் போர்ச் சாவு என்று சொல்லலாமா கூடாதா என்று ஊரில் அதற்குள் ஒரு பேச்சு.

எங்கள் பக்கத்தில் பெண்கள் கல்லறைத் தோட்டத்துக்குப் போவதில்லை. எட்டு ஆண்கள் ஆளுக்கொரு கயிறு பிடித்துப் பெட்டியைக் குழிக்குள் இறக்குவார்கள். தலைமாட்டுக் கயிறு மிக நெருங்கிய உறவுக்கு. பெண்கள் ஜன்னல் திரையை இறக்கிவிட்டு, டீ போட்டுக்கொண்டு, வீட்டிலேயே அழுது முடிக்க வேண்டும்.

அப்பா மீன்பிடிக்கப் போய்க் கடலோடு போனார். அண்ணன் பிரான்சில் சண்டையில் போனான். மினாவின் தலைமாட்டுக்கு ஆள் இல்லை என்றார்கள். நான் அங்கேயேதான் நின்றுகொண்டிருந்தேன்.

சாவு வேலை பார்க்கும் தச்சர் லீச், தொப்பியைக் கையில் வைத்துக்கொண்டு சமையலறைக்குள் வந்தார். "ஏழு பேர்தாம்மா தேறுது. ஊருல ஆம்பளை எங்க இருக்கான்? பாதி மண்ணுல, பாதி படகுல."

"ஸ்டேஷன் போர்ட்டரைக் கூப்பிடு," என்றார் டாட் சித்தப்பா. "தலைமாட்டை நான் புடிக்கிறேன்."

"அந்த போர்ட்டர் போன வாரம்தான் ஊருக்கே வந்தான் சித்தப்பா. மினான்னா யாருன்னு அவனுக்குத் தெரியுமா? கயிறை என்கிட்ட குடுங்க. தலைமாட்டுக் கயிறு."

எங்கள் தெருவில் காலேஜுக்குப் போன முதல் ஆள் நான். அதை அவர் மறந்ததே இல்லை.

"பட்டம் வாங்கிட்டா மீசை முளைச்சிடுமா?"

"உங்களுக்கு முளைச்சு என்ன ஆச்சு? அவ நர்ஸ் வேலைக்குக் கிளம்பினப்போ, கண்டவன் உடம்பைத் தொடப் போறாளேன்னு வாசல்ல நின்னு கத்தினீங்க. அதுக்கப்புறம் ஒரு வார்த்தை பேசியிருப்பீங்களா அவகிட்ட?"

"சாவு வீட்டுல இவ வாயைப் பாரு!"

நாற்காலியில் தொப்பியோடு தூங்கிக்கொண்டிருந்த மூத்த நர்ஸ் டால்கெட்டி ஒரு கண்ணைத் திறந்தாள். "கயிறு என்ன கனம் வரும்?"

"எட்டுப் பேருக்குப் பங்கும்மா. பெரிசா ஒண்ணுமில்ல," என்றார் லீச்.

"அப்ப இவளே புடிப்பா. எங்க வார்டுல ஆம்பளைங்களைப் பொம்பளைங்கதான் தூக்கினோம். உசுரோடயும் தூக்கினோம், போன பிறகும் தூக்கினோம். அவங்க யாரும் முறை பேசல." கண்ணை மறுபடி மூடிக்கொண்டாள். இளைய நர்ஸ் களுக்கென்று சிரித்துவிட்டு, உடனே மன்னிப்புக் கேட்டாள்.

அம்மா ரொட்டி வெட்டிக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீயாவது சொல்லேன்."

"எனக்குச் சண்டை போடத் தெம்பு இல்ல எஃபி."

அவ்வளவுதான் என்று நினைத்தேன். அவள் கத்தியைக் கீழே வைத்தாள்.

"தம்பி டாட், நீ கால்மாட்டைப் புடி. தலைமாடு இவளுக்கு. கிளம்புங்க, பாதிரியார் குளிர்ல நிக்கிறார்."

"ஊரு என்ன பேசும் அண்ணி?"

"பேசட்டும். இங்க வந்து டீயைக் குடிச்சுக்கிட்டே பேசட்டும்."

கல்லறைத் தோட்டத்தில் காற்று ஆளைத் தள்ளியது. நான் கயிற்றை எடுத்தபோது பாதிரியார் ஒரு கணம் நிறுத்தினார், பிறகு ஜெபத்தைத் தொடர்ந்தார். ஆண்கள் என்னைப் பார்க்காமல் தங்கள் பூட்சுகளைப் பார்த்தார்கள்.

இறக்கினோம். கனமே இல்லை. முதுகொடியச் சிப்பாய்களைத் தூக்கிய என் அக்காவை இறக்க எட்டுப் பேர் தேவையே இல்லை. நான்கு பேர் போதும். அதை நினைத்தபோதுதான் எனக்கு முதல் முறையாக அழுகை வந்தது. கோபமும்தான்.

பெட்டி தரை தட்டியதும் கயிறுகளை உள்ளே போட்டுவிட வேண்டும். ஒவ்வொன்றாக விழுந்தன. என் கை மட்டும் விடவில்லை.

"விடும்மா," என்றார் சித்தப்பா. திட்டவில்லை.

எங்கள் பின்னாலேயே வந்து சுவரோரம் நின்றிருந்த டால்கெட்டி என் பக்கத்தில் வந்தாள். நின்றபடியே தூங்கிவிடுவாள் போலிருந்தாள்.

"விடு எஃபி. நாங்க ரயில் புடிக்கணும். வார்டு இன்னும் காலியாகல. அவ கட்டில்களையும் இப்ப நாங்கதான் பாக்குறோம்."

விட்டேன்.